குப்பை யார் வாசலுக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஊராட்சித் தேர்தல், குப்பை, மலைச்சரிவு, வீட்டுரிமை ஆகியவற்றைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களின் ஊர் வேறு, வயது வேறு. கவலை ஒன்றாகவே இருப்பதால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் தாதியாகப் பணிபுரிகிறாள். 2024 மே மாதம் அங்கே நகர மன்றத் தேர்தல் நடந்தபோது, வேட்பாளர்கள் வீட்டுக்கு வந்து குப்பை, காற்று மாசு, வாடகை வீடு, பேருந்து என்று பேசினார்களாம். மலேசியக் குடிமகளான அவளும் வாக்களித்திருக்கிறாள். அயல்நாட்டில் அவளுக்குக் கிடைக்கும் இந்த உரிமை சொந்த ஊரில் எங்களுக்கு ஏன் இல்லை?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான் அம்மா. பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்குள்ள உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். மலேசியர்களும் அதில் அடக்கம். அந்தத் தேர்தலில் சுற்றுச்சூழலையும் சமூக நீதியையும் சேர்த்தே பேசிய பசுமைக் கட்சி, 70 இடங்களில் 34 இடங்களைப் பிடித்து மன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக வந்தது.

இந்த உரிமை நமக்கு ஒருபோதும் இல்லாததன்று, இருந்ததை இழந்திருக்கிறோம். 1951 டிசம்பரில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மக்கள் தங்கள் நகராண்மைக் கழக உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூர் வாக்களித்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, நாடாளுமன்றத்துக்கு நாம் ஒருவரை அனுப்புவதற்கும் முன்பே நடந்தவை இவை. 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். ஸ்காட் சாலை என்று முன்பு அழைக்கப்பட்ட சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் போகும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப் பிளவு வரும் என்று அச்சுறுத்துகிறவர்கள், சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு நகரின் மன்றம் இந்தியர் ஒருவரை மேயராக ஏற்றுக்கொண்ட வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தலைநகர் 1961இலேயே தன் வாக்கை இழந்தது. மற்ற இடங்களில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் தேர்தல்கள் ‘தற்காலிகமாக’ நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் அடுத்த ஆண்டே ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம் நாடு முழுவதும் விசாரித்து, உள்ளாட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்து 1968இல் அறிக்கையைக் கையளித்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்துவிட்டது. பினாங்கு மாநில அரசு 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது; மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்ட்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இனி இது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அடுத்த பொதுத்தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், “15ஆம் பிரிவை நீக்க வாக்களிப்பீர்களா?” என்று கேளுங்கள். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்ல முடியும்.

கேள்வி: சட்டமன்றத் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் ‘பசுமை’ என்கின்றன. ஆற்றைச் சுத்தம் செய்வோம், மலையைக் காப்போம், கடலைக் காப்போம் என்கிறார்கள். இவற்றுள் எதை உண்மையில் அவர்களால் செய்ய முடியும்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: எந்த வேலை யாருடைய கையில் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பேச்சு தானாக உதிர்ந்துவிடும். வீட்டுக் குப்பை, தெருக்கால்வாய், சந்தை, அங்காடிக் கடை உரிமம், பூங்கா, கட்டட அனுமதி, திட்டமிடல் அனுமதி ஆகியவை பினாங்கில் இரண்டு மாநகர் மன்றங்களின் பொறுப்பு. நிலமும் காடும் மாநில அரசுடையவை. பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டை ஏற்பதும் தள்ளுவதும் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. பினாங்குத் தீவின் தென்கரையில் கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டால், அதை முன்னெடுத்தது மாநில அரசு. அதன் மதிப்பீட்டைப் பரிசீலித்தது கூட்டரசுத் துறை. வலை வீசும் இடத்தை இழப்பது பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் மீனவர்கள். மாநகர் மன்ற உறுப்பினர் ஒருவர் அதை நிறுத்திவிடுவேன் என்றால் அது நடக்காது. ஆனால் மலைச்சாரலில் எழும் அடுக்குமாடியைப் பற்றி அதே உறுப்பினர், “அது என் கையில் இல்லை” என்று சொன்னால் அது உண்மையன்று. திட்டமிடல் அனுமதி மன்றத்தின் வழியாகவே செல்கிறது.

எந்த நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் பினாங்கின் கட்டமைப்புத் திட்டம், கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவையும் மலைநிலமாகக் கருதிக் காக்கச் சொல்கிறது. ‘சிறப்புத் திட்டம்’ என்ற பெயரில் அதற்கு விலக்கு தரப்படுவதுதான் பல ஆண்டுகளாக இங்கே நடக்கும் சண்டை. எனவே மலையை நேசிப்பீர்களா என்று வேட்பாளரைக் கேட்பதில் பயனில்லை. எந்தச் சூழலில் விலக்குக்கு ஒப்புக்கொள்வீர்கள், அதை யாரிடம் விளக்குவீர்கள் என்று கேட்க வேண்டும்.

கேள்வி: சுற்றுச்சூழல் பேச்செல்லாம் வசதியுள்ளவர்களுக்கு என்பதே என் எண்ணம். பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவதால் எங்கள் அடுக்குமாடியில் என்ன மாறியது? சம்பளம் போதவில்லை, வீட்டு வாடகை ஏறுகிறது. எங்களுக்குச் சமூக நீதிதான் முதலில் வேண்டும். மரமும் மலையும் பிறகு இருக்கட்டும்.
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்ல முடியாது. பசுமை என்ற பெயரில் வரும் நடவடிக்கைகள் பல, கையில் காசு குறைந்தவரையே முதலில் தொடுகின்றன. முதல் கேள்வியில் வந்த பிரிஸ்டலிலேயே, 2022 நவம்பர் முதல் நகர மையத்துக்குள் நுழையும் பழைய, அதிகப் புகை கக்கும் கார்களுக்கு நாள் ஒன்றுக்கு 9 பவுண்டு கட்டணம் வைத்திருக்கிறார்கள். பழைய காரை ஓட்டுகிறவர் பெரும்பாலும் புதிய கார் வாங்க முடியாதவர்தான். அந்தக் கட்டணத்தால் தூய்மையாகும் காற்றை முதலில் சுவாசிக்க வேண்டியவரும் நெரிசலான சாலையோரம் வாடகைக்குக் குடியிருக்கும் அதே மனிதர்தான். இந்த முரண்பாட்டுக்கு விடை சொல்லாமல் பசுமை பேசுகிற எவரையும் நான் நம்புவதில்லை.

ஆனால் நீதி முதலில், சூழல் பிறகு என்று நீங்கள் போடும் வரிசையை என்னால் ஏற்க இயலவில்லை. நம் குப்பை எங்கே போகிறது என்று பார்ப்போம். தீவில் நாம் கட்டிப் போடும் வீட்டுக் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெருநிலத்துக்குக் கடந்து நிபோங் திபாலுக்கு அப்பால் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டில் சேர்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் குப்பையும் அங்கேதான். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. அருகே பைராம் தோட்டப் பகுதியில் வாழ்ந்த குடும்பங்கள் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு தற்காலிகத் தங்குமிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தீவின் கடற்கரைச் சாலையான கர்னி டிரைவில் ஓர் உணவகம் கொட்டிய மிச்சம் அந்தக் குழந்தைகளின் மூச்சில் போய் நின்றது. இது சுற்றுச்சூழல் பிரச்சினையா, சமூக நீதிப் பிரச்சினையா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 19 அன்று பாயா தெருபோங்கில் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டப் பகுதியில் மலை சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கட்டுமானப் பகுதியில் நிகழ்ந்த சரிவு 11 உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. நாளையே ஊராட்சித் தேர்தல் திரும்பினாலும் இருக்காது. ரப்பர் மரக் காட்டில் நம் பாட்டனும் பூட்டனும் இருந்த நிலை அது. எந்த மன்றத்திலும் பேச ஆளில்லாமல், மற்றவர் செல்வத்துக்காகத் தம் உடலைக் கொடுத்தார்கள். ஆகவே மலைவெட்டைப் பற்றி வேட்பாளரிடம் கேட்கும்போது, அங்கே மண்வெட்டியும் கையுமாக நிற்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்றும் நாம் கேட்டே ஆக வேண்டும்; அவருக்காகக் கேட்க நம்மைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை.

உங்கள் அடுக்குமாடிக்கு வருவோம். கீழ்த்தளத்தில் குப்பை தேங்குவது, மின்தூக்கி பழுது, மழைக்குக் கால்வாய் நிரம்பி மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்பது ஆகியவையே உங்கள் அன்றாடச் சுற்றுச்சூழல். அதைச் சரிசெய்வதற்கு மாநகர் மன்றம் எவ்வளவு ஒதுக்குகிறது, அழகூட்டும் பணிகளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று ஒப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவைக் காப்பாற்றியதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் நம் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவதாக இருந்ததே! பூங்கா வென்றது, நம் மக்கள் தோற்றார்கள் என்று சொல்லலாமா? இப்படிப்பட்ட இடத்தில் நேர்மையான வேட்பாளர் எந்தப் பக்கம் நிற்பார்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இம்மாதம் வந்த கடிதங்களுள் என்னை மிக அதிகமாக யோசிக்க வைத்தது இதுவே. விவரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பின், 1980களின் தொடக்கத்தில், அங்கு வேலை செய்த குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புக்கு அருகே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த நீண்ட வீடுகளில் ‘தற்காலிகமாக’ வைக்கப்பட்டார்கள். நிரந்தர வீடு வரும் என்பது வாக்குறுதி. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம் முடித்துப் பிள்ளை பெற்ற பின்னும் வாக்குறுதி வாக்குறுதியாகவே இருந்தது. பிறகு, பக்கத்துப் பொதுப் பூங்காவின் ஒரு பெரும் பகுதியில் வானுயர் ஆடம்பர அடுக்குமாடிகளைக் கட்ட ஒரு திட்டம் வந்தது. அதன் ஓரத்தில் நீண்ட வீட்டு மக்களுக்கான 350 வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. 2017 ஜூலையில் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது. சட்டப்படி வெளியிடப்பட்ட கட்டமைப்புத் திட்டத்தை மீறி அனுமதி தரும்போது அதற்குக் காரணம் கூறும் கடமை மேயருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் முக்கியமான பகுதி. நாட்டின் எந்த மூலையில் மேம்பாட்டுத் திட்டத்தை எதிர்ப்பவருக்கும் அது பெரிய துணை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூங்காவையும் நம் மக்களையும் எதிரெதிராக நிறுத்தியது யார்? பூங்காவைக் காக்கப் போராடியவர்கள், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தருவதை எதிர்க்கவில்லை. அந்தக் குடும்பங்களும் ஆடம்பர அடுக்குமாடி கேட்கவில்லை. அவர்கள் கேட்டது தங்களுக்குச் சொல்லப்பட்ட வீட்டை. அந்த வீட்டை ஏன் மேம்பாட்டாளரின் இலாபத்துடன் கட்டிப்போட்டார்கள்? அதைத்தான் கேட்க வேண்டும். அரசு நாற்பது ஆண்டுகளாகச் செய்யத் தவறிய கடமைக்கான விலையைப் பொதுப் பூங்காவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. எதிர்த்தால் ஏழைக்கு வீடு கிடைப்பதைக் கெடுக்கிறாய் என்ற பழி. எதிர்க்காவிட்டால் பூங்கா போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள நாம் பழக வேண்டும், ஏனென்றால் இது இனியும் வரும்.

இதை எழுதும்போது குளுகோரின் கம்போங் புவா பாலா நினைவுக்கு வராமல் இல்லை. மாடு வளர்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களின் கிராமம் 2009இல் இடிக்கப்பட்டது. நிலத்தைக் கொடுத்த முடிவு முந்தைய ஆட்சியுடையது, இடித்த நாளில் இருந்தது அடுத்த ஆட்சி, இறுதியில் நீதிமன்றம் சட்டப்படி நிலம் யாருடையது என்று மட்டும் பார்த்தது. பொறுப்பு ஒவ்வொரு வாசலாகத் தள்ளப்பட்டு, கடைசியில் யாருடைய வாசலிலும் நிற்கவில்லை. தாங்கள் வாக்களித்து அனுப்பிய நகர உறுப்பினர் ஒருவர் அம்மக்களுக்கு இருந்திருந்தால் கிராமம் தப்பியிருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். முடிவு எடுக்கப்படும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் நம்புகிறேன்.

ஆகவே நேர்மையான வேட்பாளர், பூங்காவா வீடா என்ற கேள்வியையே ஏற்க மாட்டார். வாக்குறுதி தரப்பட்ட வீட்டை அரசு தன் பணத்தில், அதே இடத்தில், எந்த ஆண்டுக்குள் கட்டும் என்று கேட்பார். பூங்காவைப் பொதுப் பூங்காவாகப் பதிவு செய்யச் சொல்வார். நீண்ட வீட்டு மக்களைக் கூட்டத்துக்கு அழைத்துக் கைகட்டி உட்கார வைக்காமல் அவர்களையே பேசச் சொல்வார். கோலாலம்பூரில் அப்படியொருவரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை என்பதை நான் மறக்கவில்லை. அங்கே மேயரை நியமிப்பது கூட்டரசு. மாநகர் மன்றத்துக்கு ஆலோசகர்கள் உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இத்தனை இலட்சம் பேர் வரி செலுத்தும் தலைநகரில் இது எனக்கு ஏற்கத்தக்கதாகவே தெரியவில்லை.

கேள்வி: மாநகர் மன்றக் கூட்டத்துக்கு நாங்கள் போகலாமா? திட்டம் வரும்போது எங்களுக்குக் கடிதம் வருமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: போகலாம். ஊராட்சிச் சட்டப்படி, மூடிய கூட்டம் என்று மன்றம் தீர்மானித்தாலன்றி முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்தது. ஆனால் உண்மையான விவாதம் பெரும்பாலும் நிலைக்குழுக்களில் முடிந்துவிடும். அவை அவ்வாறு திறந்தவை அல்ல.

கடிதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று விரிவாக வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தர வேண்டும் என்கிறது நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். உரிமையாளர் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அடுத்த வீட்டில் இருபது ஆண்டு வாடகைக்கு இருப்பவருக்கும், தோட்டப் பகுதியில் பட்டா இல்லாமல் வாழ்பவருக்கும் கடிதம் வராது. உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது இந்தத் தடை இல்லை. யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்தும் ஆட்சேபமும் கொடுக்கலாம். அந்த வாரங்களைத் தவறவிடாதீர்கள், பிறகு வரும் ஒவ்வோர் அனுமதியும் அந்த வரைவைக் காட்டியே நியாயப்படுத்தப்படும்.

கேள்வி: எங்கள் சங்கம் கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு என்று இயங்குகிறது. தேர்தல் இல்லாத இந்த நிலையில் ஊராட்சி விவகாரத்தில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– சங்கச் செயலாளர் ஒருவர், நிபோங் திபால்

பதில்: நிறைய உண்டு. பினாங்கில் ஒவ்வொரு மாநகர் மன்றத்துக்கும் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. கட்சிகள் தரும் பெயர்களே பெரும்பான்மை என்றாலும், 2008க்குப் பிறகு அரசு சாரா அமைப்புகள் முன்மொழிந்தவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுந்தவரை நியமிக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, நம் சங்கங்கள் சேர்ந்து ஒரு பெயரை முன்மொழிவதில் தவறென்ன? தலைவருக்கு வேண்டியவர் என்று பாராமல், கால்வாய்க் கணக்கையும் குப்பை ஒப்பந்தத்தையும் வாசித்துப் புரிந்துகொள்ளும் ஓர் இளம்பெண்ணை முன்மொழியுங்கள். நியமனம் பெற்றவர் உங்கள் மண்டபத்துக்கு வந்து, தாம் எதற்கு ஆதரவாகப் பேசினார், எதை எதிர்த்தார் என்று சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே அவரிடம் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

அதற்கு முன்பாக, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை மன்றம் முடிவு செய்வதற்குள், மண்டபத்தில் ஒரு மாலை கூட்டம் போடுங்கள். குப்பைமேட்டுக்கு அருகில் வாழும் குடும்பங்களையும் வாடகை வீட்டாரையும் முதலில் அழையுங்கள். அவர்கள் தமிழில் சொல்வதை மலாயில் எழுதித் தர இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். எழுதியதை மன்றச் செயலாளருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.